எட்டு மாவட்டங்களுக்கு ஒரு சீருடை: வடகிழக்கு மாகாணக் கூடைப்பந்து அணியை நினைவுகூர்தல்

பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு விளையாட்டுப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டிருந்தனர். வைத்தியத் தொழிலில் இருக்கும் எம்மிடம் அவர்கள் எதிர்பார்த்தது உடற்பயிற்சியின் நன்மைகள் பற்றிய இரண்டு பக்கங்களாக இருக்கலாம். அதையும் இறுதியில் சிறிது சொல்கிறோம். ஆனால் இந்த மலரில் இடம்பெறாவிட்டால் வேறெங்கும் இடம்பெற வாய்ப்பில்லாத ஒரு விடயம் இருக்கிறது. எம் வயதினரும் எமக்கு முன்பின் வந்தவர்களும் எந்த அணியில் இடம்பிடிக்க ஆசைப்பட்டு மாலை வேளைகளில் பந்தோடு நின்றோமோ, அந்த வடகிழக்கு மாகாண அணி இன்று இல்லை. அந்தப் பெயரில் ஒரு மாகாணமே இன்று இல்லை. அதற்காக ஆடிய பெண்களின் பெயர்களை ஒழுங்காகத் தொகுத்த ஓர் ஏட்டை நாம் கண்டதுமில்லை. ஆகவே அந்த அணி எங்கிருந்து வந்தது, எதனால் நின்றது, எப்படி இல்லாமற் போனது என்பதைச் சுருக்கமாகவேனும் பதிவு செய்ய விரும்புகிறோம்.

பந்தும் வளையமும் பெண்களிடம் வந்த வழி

கூடைப்பந்து பிறந்த நாளும் இடமும் எல்லோருக்கும் தெரிந்ததே. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் வை.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஒன்றின் ஆசிரியரான ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆடுவதற்காகப் பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் கட்டி, 13 விதிகளை எழுதி, இந்த விளையாட்டைத் தொடக்கினார். அடுத்த சில மாதங்களிலேயே அருகிலிருந்த ஸ்மித் மகளிர் கல்லூரியின் ஆசிரியை செண்டா பெரன்சன் அதைத் தம் மாணவிகளுக்குக் கற்பித்தார் என்பதைப் பலர் அறியார். பெண்கள் அளவுக்கு மீறிக் களைத்துவிடுவார்கள் என்று அக்காலத்தவர் அஞ்சியதால், அவர் தளத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொருத்தியும் தன் பகுதிக்குள் மட்டும் ஓடலாம் என்று விதி செய்தார். அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் ஐவர் அணியாக முழுத் தளத்திலும் ஆட 1971 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. ஒலிம்பிக்கில் ஆண்கள் கூடைப்பந்து 1936இல் வந்தது. பெண்களுக்கு அது 1976இல்தான் வந்தது.

இதே விளையாட்டு இங்கிலாந்துக்குப் போய் அங்குள்ள பெண்கள் கல்லூரிகளில் வலைப்பந்தாக மாறியது. 1901இல் அதற்கெனத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. இலங்கை பிரித்தானிய ஆட்சியில் இருந்தபடியால் எமது பெண்கள் பாடசாலைகளுக்கு முதலில் வந்தது இந்த வலைப்பந்தே. 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் முதலாவது உலக வலைப்பந்துப் போட்டி நடந்தபோது அதில் பங்குகொண்ட 11 நாடுகளில் இலங்கையும் ஒன்று.

இரண்டு விளையாட்டுகளிலும் வளையத்தின் உயரம் ஒன்றுதான்: 10 அடி. ஆனால் வலைப்பந்தில் வளையத்தின் பின்னால் பலகை கிடையாது. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடவும் முடியாது. பந்தை வைத்திருப்பவளிடமிருந்து எதிரணியாள் 3 அடி தள்ளி நிற்க வேண்டும். எமது பக்கத்துப் பெண்கள் கூடைப்பந்துக்கு வந்தபோது இந்தப் பழக்கங்களையெல்லாம் கையோடு கொண்டுவந்தார்கள். பந்தைக் கைமாற்றுவதில் அவர்களை வெல்வது கடினம். பலகையின் உதவியின்றி வளையத்துக்குள் நேராகப் போடவும் தெரியும். ஆனால் ஒருத்தி நெருங்கி வந்து மறித்துக்கொண்டால் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுவிடுவார்கள். “தட்டு, தட்டிக்கொண்டு போ!” என்று விளையாட்டு ரீச்சர் கத்தியது எம் காதில் இப்போதும் கேட்கிறது. தரையில் பந்தைத் தட்டிப் பழகவே எமக்கு ஒரு முழுத் தவணை சென்றது.

கிழக்கில் யேசுசபையினர்

கிழக்கிலங்கையில் கூடைப்பந்துக்கு வேறொரு வேரும் உண்டு. 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவாக்கப்பட்டபோது அதன் பணி யேசுசபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. முதலில் வந்தவர்கள் பிரெஞ்சுக்காரர். இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாநிலத்து யேசுசபையினர் அந்தப் பொறுப்பை ஏற்றனர். 1947இல் ஆயரான இக்னேசியஸ் கிளெனி ஆண்டகை 1974 வரை அப்பொறுப்பில் இருந்தார். 1948இல் இளந்துறவிகளாக வந்து சேர்ந்தவர்களில் ஹரி மில்லர் அடிகளாரும் யூஜீன் ஹீபர்ட் அடிகளாரும் அடங்குவர். கிறிக்கெற் தெரியாத இந்த அமெரிக்கர்கள் தம் நாட்டு விளையாட்டையே தம் மாணவர்களுக்குக் கற்பித்தார்கள். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியின் பெயர் நாடளாவிய பாடசாலைக் கூடைப்பந்தில் ஒலித்தது இவர்களால்தான். மட்டக்களப்பு நகரின் விளையாட்டரங்கு இன்றும் வெபர் அடிகளாரின் பெயரால் வெபர் மைதானம் என்றே அழைக்கப்படுகிறது.

இது ஆண் பிள்ளைகளின் கதைதானே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஒரு நகரில் சீமெந்துத் தளமும் நல்ல வளையமும் விதி தெரிந்த நடுவர்களும் இருந்தால், அவற்றின் பயன் பெண்களுக்கும் சேரும். அண்ணன்மார் ஆடுவதை மதிலோரம் நின்று பார்த்த தங்கைமார் பந்தைக் கையில் எடுத்தார்கள். பின்னாளில் எமக்குப் பயிற்சி தந்த பலர் அப்படி ஆடி வளர்ந்த அண்ணன்மாரே. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகள் அரசின் கைக்கு மாறின. நிருவாகம் மாறியபோதும் ஆட்டம் நின்றுவிடவில்லை. கிறிஸ்தவப் பாடசாலைகளில் வேரூன்றிய விளையாட்டு இந்து, முஸ்லிம் பாடசாலைகளின் முற்றங்களுக்கும் பரவியது.

மாகாணம் பிறந்தது, அணி பிறந்தது

1987 ஜூலை 29இல் இலங்கை இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதன்படி 1988 செப்டெம்பரில் ஜனாதிபதியின் பிரகடனங்கள் மூலம் வடக்கு மாகாணமும் கிழக்கு மாகாணமும் ஒன்றாக இணைக்கப்பட்டன. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய ஐந்தும் திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய மூன்றும் சேர்ந்து எட்டு மாவட்டங்கள் ஒரே மாகாணமாயின. இத்தீவின் நிலப்பரப்பில் கால்பங்குக்கும் மேற்பட்ட அந்தப் பெரும் மாகாணத்துக்குத் தலைநகர் எமது திருகோணமலை.

அரசியல் வரலாற்றை எழுதுவது எம் வேலையல்ல. ஒரு கணக்கை மட்டும் குறிப்பிடுகிறோம். தெரிவு செய்யப்பட்ட வடகிழக்கு மாகாண சபை 1988 டிசம்பரில் பதவியேற்று, 1990இல் கலைக்கப்பட்டது. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுதான் அதன் ஆயுள். ஆனால் ஆளுநரின்கீழ் மாகாண நிருவாகம் தொடர்ந்தது. கல்வித் திணைக்களமும் விளையாட்டுத் திணைக்களமும் அந்தப் பெயரிலேயே இயங்கின. ஒன்பது மாகாணங்கள் இருந்த நாட்டில் தேசியப் போட்டிகளுக்கு எட்டு மாகாண அணிகளே போயின. அந்த எட்டில் ஒன்றின் சீருடையில் ‘வடகிழக்கு’ என்று எழுதியிருந்தது. சபை கலைந்து 16 ஆண்டுகள் கழிந்தும் அப்பெயர் நிலைத்தது.

அந்தச் சீருடையை அணிவதற்குப் படிகள் பல இருந்தன. முதலில் பாடசாலை அணி. பிறகு வலயம், மாவட்டம், மாகாணம். கூடைப்பந்தில் தளத்தில் நிற்பவர்கள் ஐவர், அணியில் பெயர் இருப்பவர்கள் பன்னிருவர். எட்டு மாவட்டங்களுக்குப் பன்னிரண்டு இடங்கள் என்றால் போட்டி எவ்வளவு கடுமையாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கிழக்கில் மட்டக்களப்புக்காரரின் பலம் பெரிது. வடக்கில் யாழ்ப்பாணத்துப் பெண்கள் பாடசாலைகளின் வலைப்பந்துப் பாரம்பரியம் பெரிது. இரண்டுக்கும் நடுவில் நின்ற திருகோணமலைப் பிள்ளைக்கு அந்தப் பட்டியலில் ஓர் இடம் கிடைத்தால் அது வீட்டுக்கும் தெருவுக்கும் பாடசாலைக்கும் பெருமை. காலைக் கூட்டத்தில் அதிபர் பெயரை வாசிப்பார். கைதட்டல் நிற்க நேரமெடுக்கும்.

பாதை, லோஞ்ச், கப்பல்

வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த எம் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லும்போது அவர்களுக்கு விளங்காதது ஆட்டமல்ல, பயணம்தான். ஒரு மாகாண அணி சேர்ந்து பயிற்சி எடுக்க வேண்டுமானால் எல்லோரும் ஓரிடத்துக்கு வந்து சேர வேண்டும். அந்தக் காலத்தில் அதுவே பெரும்பாடு.

திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குக் கரையோரமாக ஒரு வீதி உண்டு. ஆனால் கிண்ணியா, இறால்குழி, வெருகல் என்று ஒவ்வொரு நீர்ப்பரப்பிலும் பாலத்துக்குப் பதிலாகப் ‘பாதை’ ஓடியது. பாதை என்று கிழக்கில் நாம் சொல்வது, பஸ்ஸையும் ஆட்களையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுசெல்லும் தட்டையான படகை. போர் மூண்ட பின்னர் அந்த வீதி அணிப் பயணத்துக்கு உதவாமற் போனது. அதனால் மட்டக்களப்புப் பிள்ளைகள் வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரணை என்று தீவின் உள்ளே வளைந்து வந்து திருகோணமலையை அடைய வேண்டியிருந்தது. ரயிலில் வருவதானாலும் கல்லோயாச் சந்தியில் இறங்கி மாற வேண்டும். குடாவின் எதிர்க்கரையிலிருக்கும் மூதூர்ப் பிள்ளை லோஞ்சில் வருவாள். கடல் கொந்தளித்தால் லோஞ்ச் ஓடாது. லோஞ்ச் ஓடாவிட்டால் அவளுக்குத் தெரிவுப் போட்டியும் இல்லை.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் நிலை இதைவிடக் கடினம். 1990 முதல் 2002 வரை ஏ9 வீதி அவர்களுக்கு மூடிக்கிடந்தது. 1996க்குப் பிறகு குடாநாட்டுக்கும் தெற்குக்கும் இடையில் பொதுமக்கள் கப்பலில் போய்வந்தார்கள். அந்தக் கப்பல் காங்கேசன்துறையிலிருந்து வந்து சேருமிடம் எமது துறைமுகம். பாஸ் எடுக்க வேண்டும். ஆசனம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். இறங்கியதும் பொதிகளைத் திறந்து காட்ட வேண்டும். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று புவியியல் பாடத்தில் நாம் மனனம் செய்த துறைமுகம், எம் கண்முன்னே வடக்கும் கிழக்கும் சந்திக்கும் ஒரே வாசலாகிவிட்டிருந்தது. வடகிழக்கு என்ற பெயர் கடதாசியில் இருந்தது. அதை உண்மையாக்கியவர்கள் இப்படி வந்து சேர்ந்த பயணிகளே.

1990 ஜூனில் தொடங்கிய போர் கிழக்கின் விளையாட்டையும் விட்டுவைக்கவில்லை. ஆண்டுக்கணக்காகக் கூடைப்பந்துப் பயிற்றுநராகப் பெயர்பெற்ற ஹீபர்ட் அடிகளார், அப்போது மட்டக்களப்பில் தொழில்நுட்பக் கல்வி நிலையமொன்றின் பணிப்பாளராக இருந்தார். 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து தமது ஸ்கூட்டரில் பேட்ரம் பிரான்சிஸ் என்ற இளைஞருடன் மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்டார். ஏறாவூர்ப் பக்கத்தில் இருவரும் காணாமற் போயினர். இன்றுவரை அவர்களைப் பற்றிய தகவல் இல்லை. கிழக்கில் காணாமற் போன ஆயிரக்கணக்கானோரில் அவர்கள் இருவர். ஒரு விளையாட்டைக் கற்பித்தவரின் கல்லறை எங்கே என்று அவருடைய மாணவர்கள் சொல்ல முடியாதிருப்பது எமது பிரதேச விளையாட்டு வரலாற்றின் ஒரு பகுதி. அதை விட்டுவிட்டு வெற்றிக் கிண்ணங்களை மட்டும் எண்ணுவது முறையாகாது.

அந்த அணி எமக்குத் தந்தது

90களில் எம் வயதினருக்குப் பயிற்சி நேரம் ஊரடங்குச் சட்டத்தைப் பொறுத்தது. மூன்றரைக்குத் தொடங்கி ஐந்தரைக்குள் முடித்துவிட வேண்டும். ஒரே ஜேர்சியை அக்காமாரிடமிருந்து தங்கைமார் வாங்கி அணிந்தார்கள். முதுகில் இருந்த இலக்கம் கழுவிக் கழுவி மங்கினால் வகுப்பில் கையெழுத்து அழகானவள் ஒருத்தி வர்ணத்தால் மறுபடி எழுதுவாள். சப்பாத்தின் அடி தேய்ந்தவள் ஈரத் தளத்தில் வழுக்குவாள் என்பதால், மழைக்காலத்தில் தளத்தைக் கோணிச்சாக்கால் துடைத்த பிறகே ஆட்டம். மூன்று புள்ளிக் கோட்டைச் சர்வதேச சம்மேளனம் 1984இலேயே கொண்டுவந்திருந்தாலும், எமது தளத்தில் அது நிரந்தரமாக வரையப்படவில்லை. போட்டிக்கு முதல்நாள் கயிறு பிடித்துச் சுண்ணாம்பால் நாமே வரைந்தோம்.

தெரிவுப் பயிற்சிக்கு வெளிமாவட்டப் பிள்ளைகள் வந்தால் பாடசாலை விடுதியில் தங்குவார்கள். மட்டக்களப்புப் பேச்சைக் கேட்டு யாழ்ப்பாணத்தார் சிரிப்பார்கள். யாழ்ப்பாணப் பேச்சைக் கேட்டு நாம் எல்லோரும் சிரிப்போம். ‘மறுகா’ என்றால் என்ன என்று கேட்டவள் மூன்றாம் நாள் தானும் ‘மறுகா வாறன்’ என்பாள். திருகோணமலை மாவட்டத்தில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் மூவரும் உண்டு. அம்பாறையிலும் அப்படியே. வெளியே ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்த காலத்தில், பந்து வரும் திசையை ஒரே பார்வையில் சொல்லிக்கொள்ளப் பழகிய ஐவர் ஒரு தளத்தில் நின்றார்கள். இதை மிகைப்படுத்தி ஒற்றுமைக் கதையாக்க நாம் விரும்பவில்லை. பயிற்சி முடிந்ததும் அவரவர் தத்தம் சோதனைச்சாவடிகளைத் தாண்டித் தத்தம் வீடுகளுக்கே போனார்கள். என்றாலும் அந்தப் பழக்கம் சிலரிடம் ஆயுளுக்கும் நிலைத்ததை நாம் அறிவோம்.

கொழும்புக்குப் போவது இரவு ரயிலில். பாணும் சம்பலும் பொதி செய்து தருவார்கள். நகரத்துப் பாடசாலைகளில் பலகைத் தரையில் ஆடிப் பழகியவர்களோடு மோதும்போது தோல்விகள் வந்தன. எமக்கு உயரமும் குறைவு, வசதியும் குறைவு. ஆனால் ‘வடகிழக்கு’ என்று ஒலிபெருக்கியில் அழைத்தபோது எழுந்து ஓடியவர்களின் நடையில் தாழ்வு இருக்கவில்லை. போர் நடக்கும் இடத்திலிருந்து வந்த பரிதாபத்துக்குரிய பிள்ளைகள் என்று எம்மைப் பார்த்தவர்களுக்கு, நாம் விளையாட வந்தவர்கள் என்று சொல்ல அந்தச் சீருடை போதுமானதாக இருந்தது.

தீர்ப்பொன்றில் கலைந்த அணி

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தது. ஏப்ரலில் ஏ9 திறந்தது. முதன்முறையாக எட்டு மாவட்டங்களின் பிள்ளைகளும் பஸ்ஸிலேயே வந்து சேரக்கூடிய காலம் பிறந்தது. அந்த அணிக்கு உண்மையான வாய்ப்பு கிடைத்தது அந்தச் சில ஆண்டுகளில்தான். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. கரையோரப் பாடசாலைகள் அகதி முகாம்களாயின. தளங்களில் கூடாரம் எழுந்தது. 2006 ஜனவரி 2 மாலை திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். அதன்பிறகு பிள்ளைகளை, அதுவும் பெண் பிள்ளைகளை, மாலையில் வெளியே விட எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஜூலையில் மாவிலாறு, ஆகஸ்டில் மூதூர் இடப்பெயர்வு. அதே ஆகஸ்டில் ஏ9 மீண்டும் மூடப்பட்டது.

இந்த நிலையில் 2006 ஒக்டோபர் 16இல், இரு மாகாணங்களின் இணைப்புச் சட்டப்படி செல்லாது என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007 ஜனவரி 1 முதல் வடக்கும் கிழக்கும் தனித்தனி மாகாணங்களாயின. அந்தத் தீர்ப்பின் அரசியல் சரிபிழை பற்றி எம் சங்கத்துக்குள்ளேயே பல கருத்துகள் உண்டு. அதை இங்கே பேசவில்லை. ஆனால் ஓர் அணி எப்படியெல்லாம் முடிவுக்கு வரலாம் என்பதற்கு இது அபூர்வமான உதாரணம். தொடர்ந்து தோற்று ஆதரவை இழக்கும் அணிகள் உண்டு. பணமின்றி மூடப்படும் கழகங்கள் உண்டு. எமது மாகாண அணிக்கு வந்த முடிவு அப்படிப்பட்டதல்ல. அது பிரதிநிதித்துவம் செய்த மாகாணமே ஒரு நாளில் நீங்கியது. பிரியாவிடைப் போட்டி இல்லை, கடைசிப் படமும் இல்லை. 2006இல் 16 வயதாக இருந்து அடுத்த ஆண்டுத் தெரிவுக்குத் தயாரானவள், 2007இல் கிழக்கு மாகாணத் தெரிவுக்குப் போனாள். காங்கேசன்துறைக் கப்பலில் வந்த அவளுடைய தோழி இப்போது எதிரணியாள்.

அந்தக் காலத்துச் சான்றிதழ்கள் எம்மில் பலரிடம் உண்டு. ‘வடகிழக்கு மாகாணம்’ என்ற தலைப்புடன், இன்றைய இளம் அலுவலர்கள் பார்த்திராத இலச்சினையுடன் அவை பெட்டிகளில் கிடக்கின்றன. நேர்முகத் தேர்வில் அதை நீட்டியபோது “இது எந்த மாகாணம்?” என்று கேட்கப்பட்டதாக எம்மவர் ஒருத்தி சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இன்று

இப்போது வழிகள் திறந்துள்ளன. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் கரையோர வீதியின் மற்றப் பாதைகளுக்குப் பதிலாகவும் பாலங்கள் வந்தன. நாம் ஒரு நாள் முழுவதும் செலவழித்த மட்டக்களப்புப் பயணம் இன்று ஒரு காலைப் பொழுதில் முடிகிறது. எம் தலைமுறைக்கு இருந்த தடைகளில் பெரும்பாலானவை இன்றைய மாணவிக்கு இல்லை.

வடக்கிலும் கிழக்கிலும் திறமைக்குக் குறைவிருக்கவில்லை என்பதற்கு ஒரு சான்று போதும். யாழ்ப்பாண மாவட்டம் புன்னாலைக்கட்டுவனில் பிறந்து எம் காலத்திலேயே வளர்ந்தவர் தர்ஜினி சிவலிங்கம். 208 சென்ரிமீற்றர் உயரம் கொண்ட அவர் இலங்கை வலைப்பந்து அணியின் கோல் போடுபவராக ஆடி, 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணத்தை நாட்டுக்கு வென்று தந்த அணிகளில் இருந்தார். கடல் கடந்து பார்த்தால் சென்னையின் அனிதா பால்துரை இந்தியக் கூடைப்பந்து அணிக்குத் தலைமை தாங்கி, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தமிழ்ப் பெண்ணுக்கு இந்த விளையாட்டு ஒத்துவராது என்று சொல்லும் பெற்றோருக்கு இந்த இரு பெயர்களையும் சொல்லுங்கள்.

இனி வைத்தியராகச் சிறிது. எம்மிடம் வரும் 50 வயதைத் தாண்டிய பெண்களில் பலருக்கு எலும்பு தேய்ந்து மணிக்கட்டிலோ இடுப்பிலோ முறிவு வருகிறது. ஒரு பெண்ணின் எலும்புப் பலத்தின் மிகப் பெரும் பகுதி அவளுடைய பதின்ம வயது முடிவதற்குள் சேர்ந்துவிடுகிறது. ஓடி, குதித்து, தரையில் இறங்கும் விளையாட்டுகள் அந்தச் சேமிப்பைக் கூட்டுகின்றன. ஆனால் அந்த வயதில்தான் பிள்ளைகளை விளையாட்டிலிருந்து எடுத்து ரியூசனுக்கு அனுப்புகிறோம். 2016ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட கணிப்பின்படி, உலகில் பாடசாலை செல்லும் பதின்ம வயதுப் பெண்களில் 85 வீதமானோருக்குப் போதிய உடலியக்கம் இல்லை. ஆண்களில் அது 78 வீதம். முழங்காலில் அடிபடும் என்று அஞ்சுவோரும் உண்டு. அந்த அச்சத்தில் நியாயமும் உண்டு: குதித்துத் திரும்பும் விளையாட்டுகளில் முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் அறுவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஆனால் ஆட்டத்துக்கு முன் பதினைந்து நிமிடம் முறையாக உடலைத் தயார்செய்து, முழங்காலை உட்புறம் மடியவிடாமல் தரையிறங்கப் பழக்கினால் அந்த ஆபத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கலாம். இதற்குத் தேவை பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருவரும் ஒரு தளமும்தான்.

பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள்

நூற்றாண்டு காணும் எமது சங்கம் கட்டடங்களுக்கும் கணினி அறைகளுக்கும் நிதி திரட்டியிருக்கிறது. இப்போது நாம் கேட்பது பணமல்ல. உங்கள் வீட்டு அலுமாரியில், கனடாவிலோ இலண்டனிலோ சிட்னியிலோ உப்புவெளியிலோ, ஓர் அணிப் படம் இருக்கலாம். அதன் பின்புறத்தில் நிற்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதுங்கள். ஆண்டையும் எழுதுங்கள். பயிற்றுநர் யார், எந்த மாவட்டத்துப் பிள்ளை யார் என்று நினைவிருந்தால் குறிப்பிடுங்கள். சான்றிதழ் இருந்தால் அதன் பிரதியையும் சங்கச் செயலாளருக்கு அனுப்பி வையுங்கள். இடப்பெயர்வுகளிலும் கடல்கோளிலும் பெட்டிகளை இழந்தவர்கள் பலர். ஒருத்தியிடம் இல்லாதது இன்னொருத்தியிடம் இருக்கும். இப்போது 60 வயதைத் தாண்டிய அக்காமாரின் நினைவில் இருப்பவற்றை இன்னும் பத்து ஆண்டுகள் கழித்துக் கேட்கப் போனால் கேட்க ஆளிருக்காது.

மாகாணங்களைச் சேர்ப்பதும் பிரிப்பதும் எம் கையில் இல்லை. அந்த மாகாணத்துக்காக ஆடிய பெண்கள் யார் என்று எழுதி வைப்பது எம் கையில் இருக்கிறது. அந்தப் பட்டியல் முழுமையடைந்ததும் அதைப் பாடசாலை மண்டபத்தில், கூடைப்பந்துத் தளத்தைப் பார்த்த சுவரில் மாட்டும்படி நிருவாகத்தைக் கேட்டுக்கொள்வோம். இன்று அங்கே பந்து தட்டும் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வரும்போது அதை வாசிக்கட்டும்.